நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

எங்கள் கடைக்கு வந்த பெண்களில் யாருக்கும் இடுப்பு என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. எண்தான் இருந்தது.

லியோன் நகரில், பெல்கூர் சதுக்கத்தை அடுத்த தெருவில், மதாம் திஸ்ஸூரின் கார்செட் கடையில் பதினாறு வருடம் அளவெடுப்பவளாக இருந்தேன். கார்செட் என்பது, துணிக்குள் திமிங்கில எலும்புப் பட்டைகள் வைத்து, முதுகில் நாடாவால் இழுத்துக் கட்டி இடுப்பை இறுக்கும் உள்ளுடை. தைத்து முடிந்ததும் அதன் உள்துணியில் இடுப்பளவை மையால் முத்திரை குத்துவோம். முத்திரைப் பெட்டி என் பொறுப்பு. ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று அளந்தால் ஐம்பத்து நாலு என்று குத்த வேண்டும். நாலு குறைப்பது கடையின் வழக்கம். அடுத்த தெருக் கடையில் மூன்றுதான் குறைத்தார்கள். அதனால் அங்கே கூட்டம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை சரியான எண்ணைக் குத்திவிட்டேன். வாடிக்கைக்காரி கார்செட்டைக் கையில் எடுத்தாள், உள்ளே பார்த்தாள், மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

"நாம என்ன கறியா விக்கிறோம் ஒக்தாவி, எடை சரியா இருக்க?" என்றாள் மதாம் திஸ்ஸூர். "அவங்க வாங்க வர்றது துணி இல்ல, எலும்பு இல்ல. இன்னொருத்திகிட்ட போய்ச் சொல்லிக்க ஒரு நம்பர்."

அதற்குப் பிறகு நான் அந்தத் தவறைச் செய்யவில்லை.

கடையின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பழங்காலத்துக் கார்செட்டுகளை மதாம் திஸ்ஸூர் அதில் அடுக்கி வைத்திருந்தாள், கோயிலில் புனிதர்களின் எலும்பை வைப்பதுபோல. மிகப் பழையதில் முன்பக்கம் செருகுவதற்கு ஒரு மரச்சட்டம் இருந்தது. எவனோ ஒரு காதலன் அதில் இதயம் ஒன்றைச் செதுக்கியிருந்தான். அந்தச் சட்டத்துக்கு அடியில் இன்னொரு இதயம் துடிக்க இடம் வேண்டுமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அடுத்த தட்டில் ஒரு மஸ்லின் உடை, மார்புக்குக் கீழே ஒற்றை நாடா. அரசனின் தலையை எடுத்த காலத்தில் பெண்கள் அதைத்தான் போட்டார்கள். இருபது வருடம்போல மூச்சு விட்டார்கள். பிறகு அரசர்கள் திரும்பி வந்தார்கள், கார்செட்டும் வந்தது. அரசர்களை நாங்கள் மறுபடியும் விரட்டினோம். கார்செட்டை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் எவனோ நாடாத் துளைகளுக்கு உலோக வளையம் கண்டுபிடித்துவிட்டான். அதுவரைக்கும் அளவுக்கு மீறி இழுத்தால் துணி கிழிந்துவிடும். துணியிடம் இருந்த அந்தக் கொஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று.

கார்செட்டைத் திட்டிப் புத்தகம் எழுதிய ஒரு மருத்துவர் எங்கள் ஊரில் இருந்தார். ஈரல் எப்படி நசுங்குகிறது என்று படம் போட்டுக் காட்டியிருந்தார். நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவருடைய மனைவி எங்கள் வாடிக்கை. ஒருநாள் நாடாவை இழுத்துக்கொண்டே அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அவர் எழுதினது மத்த பொம்பளைங்களுக்கு," என்றாள். "இன்னும் கொஞ்சம் இழு."

இப்படிப்பட்ட கடைக்குத்தான், 1887 பிப்ரவரியில், மதாம் கெரிமான் தன் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்தாள். கணவன் பட்டு வியாபாரி. மூத்தவள் அப்போலீன், பத்தொன்பது வயது. இளையவள் பிளாந்தின், பதினொன்று. உட்காருவதற்கு முன்பே மதாம் கெரிமான் சொன்னாள்:

"நாற்பத்தெட்டு."

"என்ன மதாம்?"

"பெராஷோன் வீட்டு மருமக யாருக்கும் அதுக்கு மேல கிடையாதாம். மூணு தலைமுறையா."

பெராஷோன் குடும்பத்தை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தங்க இழை நெய்கிறவர்கள். பாதிரிமார்களின் அங்கியில் மின்னுவதெல்லாம் அவர்கள் வீட்டு இழை. அந்த வீட்டில் ஓர் இடைப்பட்டி இருந்தது, தங்க இழையில் நெய்து, செந்நிறக் கல் பதித்த கொக்கி வைத்தது. கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் மாலையில், நோட்டரியும் இரண்டு வீட்டு உறவும் பார்த்திருக்க, மாமியார் தன் கையாலேயே அதை மருமகளின் இடுப்பில் பூட்டுவாள். கூட்டவும் குறைக்கவும் வழியில்லாத பட்டி. கொக்கி ஒரே இடத்தில்தான் விழும். அது நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்பது ஊர் அறிந்த சேதி.

"பெரிய மத்மஸேலுக்கு இப்ப ஐம்பத்து மூணு," என்றேன். அவள் போட்டிருந்த கார்செட்டின் முத்திரை அது. நிஜத்தில் ஐம்பத்தேழு.

"அஞ்சுதானே. கல்யாண ஒப்பந்தத்துக்குப் பத்து வாரம் இருக்கு. வாரத்துக்கு அரை. கணக்கு சரியா வருதில்ல?"

"உடம்பு கணக்கு கேக்காது மதாம்."

"எனக்குக் கல்யாணத்துல அம்பது. எங்கம்மா முழங்காலை முதுகுல வச்சு இழுத்தா. செத்தா போயிட்டேன்?"

அவள் சாகவில்லைதான். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் மார்புக்குள் எங்கோ கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு சத்தம் வரும். அதைத் தவிர மற்றபடி உயிரோடுதான் இருந்தாள்.

அப்போலீன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னதும் தூக்குகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு முன்பே தூக்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. நாலாவது வாரம் தாய் இல்லாமல், வீட்டு வேலைக்காரியோடு வந்தபோது அதைத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி, பெண்ணும் பிள்ளையும் தற்செயலாகச் சந்தித்ததுபோல எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. பூங்காவின் கண்ணாடி மாளிகையில், கமேலியாச் செடிகளுக்கு நடுவில், இரண்டு தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள்.

"அவர் பேரு அன்செல்ம்," என்றாள். "பாலம் கட்டறவர். எங்கிட்ட... ஒண்ணு கேட்டாரு."

அந்த வாரம் ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தாள், நிஜமான ஐம்பத்தைந்து. ஒரு வாக்கியத்தை இரண்டாக ஒடித்துத்தான் அவளால் பேச முடிந்தது.

"என்ன கேட்டாரு?"

"இந்தப் பூவுக்கு ஏன் வாசனை... இல்லைன்னு. நான் யோசிச்சேன். ரொம்ப நேரம். அவர் காத்துக்கிட்டு நின்னாரு. எங்க வீட்டுல... யாரும் அப்படி நிக்கமாட்டாங்க."

"அப்புறம் என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னேன். அவருக்கும் தெரியலையாம்." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சிரிப்பதற்குக் காற்று வேண்டும். "கிரெனோப்லுக்கு மாத்தலாகுது அவருக்கு. இங்க இருக்க வேண்டாம். அம்மாகிட்ட இருக்க வேண்டாம். இந்தப் பட்டி மட்டும்... பூட்டிட்டா போதும் ஒக்தாவி."

"பூட்டலைன்னா?"

"மதாம் பெராஷோன் அம்மாகிட்டயே... சொல்லிட்டாங்களாம். நெசமா சொன்னாங்களா, அம்மா சொல்றாளா தெரியாது. பூட்டலைன்னா கையெழுத்து இல்லையாம்."

அவள் திரும்பி நின்றாள். நான் நாடாவை இழுத்தேன். இழுக்கும்போது நான் எதையும் நினைப்பதில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. நினைத்துக்கொண்டேதான் இழுத்தேன்.

எட்டாவது வாரம் அவள் கார்செட்டோடுதான் தூங்கினாள். தாயின் உத்தரவு. கழற்றினால் விலாவில் திமிங்கில எலும்பின் தடம் ஒவ்வொன்றும் ஊதா நிறத்தில் இருந்தது. சாப்பாடு, காலையில் ஒரு கிண்ணம் சூப். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மயங்கி விழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் பக்தி என்றார்கள். நான் ஐம்பத்திரண்டில் ஒரு கார்செட் தைத்து நாற்பத்தெட்டு என்று முத்திரை குத்திக் கொடுத்தேன். மதாம் கெரிமான் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் தன் குழந்தைகளை அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? முடியாதுன்னியே."

"இன்னும் முதுகுல விளிம்பு ரெண்டும் சேரலை மதாம். ரெண்டு விரல் இடைவெளி இருக்கு."

"சேரும். ரெண்டு வாரம் இருக்கே."

ஒன்பதாவது வாரம் பெராஷோன் வீட்டிலிருந்து ஒரு தோல் பெட்டி வந்தது. உள்ளே அந்த இடைப்பட்டி. உள்பக்கத்துப் பட்டுத் துணி நைந்துவிட்டதாம், புதிதாக வைத்துத் தைக்க வேண்டுமாம். நகைக்காரனிடம் கொடுக்காமல் எங்களிடம் அனுப்பியதில் மதாம் திஸ்ஸூருக்குப் பெருமை. அவளே என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"கை சுத்தமா இருக்கா? தொடும்போது மூச்சைப் பிடிச்சுக்க," என்றாள். இதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளைப் பட்டை எடுத்தேன். நாற்பத்தெட்டு, ஓரம் மடிக்க இரண்டு என்று ஐம்பதில் வெட்டினேன். பட்டியை அளந்து பார்க்கவில்லை. ஊரே அறிந்த எண்ணை எதற்கு அளக்க வேண்டும்? எண்களைப் பொய்யாக்குவதே என் பிழைப்பு. ஆனாலும் இந்த ஓர் எண்ணை நம்பினேன். பழைய துணியைப் பிரித்துவிட்டுப் புதியதைப் பட்டிமேல் வைத்தபோது, துணி பாதி வழியில் களைத்து நின்றுவிட்டதுபோல முடிந்துபோயிற்று.

அளவு நாடாவை எடுத்தேன். கொக்கியிலிருந்து கொக்கி வரைக்கும் ஐம்பத்தேழு.

மறுபடி அளந்தேன். ஐம்பத்தேழு.

பிரித்தெடுத்த பழைய துணி மேசையில் கிடந்தது. அதைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். முதுகுப் பக்கம் வரும் இடத்தில் வரிசையாகத் துளைகள். சில பழையவை, ஓரம் துருவேறியவை. சில அவ்வளவு பழையவை அல்ல. குண்டூசித் துளைகள்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிய வெகுநேரம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மருமகளும் நாற்பத்தெட்டு என்ற பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்து இறுக்கியிருக்கிறாள். அந்த மாலையில் பட்டியைப் பூட்டினால் அது தொளதொளவென்று தொங்கியிருக்கிறது. அவளோ அவள் மாமியாரோ சத்தமில்லாமல் முதுகுப் பக்கம் மடித்து, குண்டூசி குத்தி, சரிகைத் துணியால் மறைத்திருக்கிறார்கள். பிறகு மூன்று தலைமுறையாக யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், தான் கிடந்த பட்டினிக்கு அர்த்தமில்லாமல் போகுமே. அடுத்தவளும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இதைத்தான் அந்த வீட்டில் பரம்பரைப் பெருமை என்றார்கள்.

இப்போதைய மதாம் பெராஷோனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் துளை விழுந்த துணியை மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தையல்காரிக்கும் கண் இருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

அன்று மதியம் வெகுநேரம் நான் எதையும் தைக்கவில்லை. அப்போலீன் முதல்நாள் கடைக்கு வந்தபோது இருந்த இடுப்பு ஐம்பத்தேழு. ஒன்பது வாரம் அவள் சாப்பிடாமல், தூங்காமல், பாதி வாக்கியங்களாகப் பேசி, அந்தப் பட்டியை விட்டுத் தூரம் தூரமாகப் போயிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது தாய் முன்னறையில் மதாம் திஸ்ஸூரோடு பேசிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் பட்டியையும் நாடாவையும் அப்போலீனின் கையில் கொடுத்தேன்.

"அளந்து பாருங்க."

அளந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். பழைய துணியின் துளைகளைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் முகத்தில் அழுகையை எதிர்பார்த்தேன். வந்தது கோபம். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

"அப்போ இது எல்லாம்..." மூச்சு நின்றது. விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆமா."

"அம்மாகிட்ட... சொல்லலாமா?"

"சொல்லலாம். பெராஷோன் வீட்டுப் பொய்யை வெளியில சொன்னா அவங்க கையெழுத்துப் போடுவாங்களான்னு நீங்கதான் யோசிக்கணும்."

அவள் யோசித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் தாய் சிரிப்பது கேட்டது.

"அம்மா நம்பர்தான் பாப்பா," என்றாள் கடைசியில். "நம்பரும்... விளிம்பு சேருதான்னும்."

எனக்கு அது போதும். ஐம்பத்தேழில் ஒரு கார்செட் தைத்தேன், அதே சாட்டின், அதே சரிகை, அதே தையல். உள்ளே நாற்பத்தெட்டு என்று குத்தினேன். நாலு குறைத்துத்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை ஒன்பது குறைத்தேன்.

ஒப்பந்த மாலையில் அவளுக்கு உடுத்திவிட அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதாம் கெரிமான் கட்டிலருகே நின்று மேற்பார்வை பார்த்தாள். நான் நாடாவை இழுத்தேன். விளிம்புகள் இரண்டும் நெருங்கி, முதுகெலும்பின்மேல் கோடுபோலச் சேர்ந்தன.

மதாம் கெரிமான் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"சேந்துடுச்சு," என்றாள். "ஒக்தாவி, சேந்துடுச்சு."

"சேந்துடுச்சு மதாம்."

"வலிக்குதா, கண்ணு?"

"கொஞ்சம்," என்றாள் அப்போலீன். இத்தனை வாரத்தில் தாய் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நோட்டரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்செல்ம் ஒல்லியான, தலைமுடி சரியாகப் படியாத இளைஞன். சுவரோரமாக நின்று அப்போலீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூடத்தில் அவளுடைய இடுப்பைப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். கலைந்தால் சரிசெய்ய நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன்.

மதாம் பெராஷோன் பெட்டியைத் திறந்தாள். உயரமானவள், கழுத்து வரை கறுப்புப் பட்டு. மருமகளின் பின்னால் வந்து, பட்டியைச் சுற்றி, முன்பக்கம் பூட்டினாள். பிறகு அவளுடைய இடது கை தானாக முதுகுப் பக்கம் போயிற்று. விரல்கள் தொங்கும் துணியைத் தேடின. கைச்சட்டையின் ஓரத்தில் அவள் குண்டூசி ஒன்றைத் தயாராகச் செருகி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

மடிப்பதற்குத் துணி இல்லை. பட்டி சரியாகப் பொருந்தி இருந்தது.

அவள் விரல்கள் அங்கேயே நின்றன. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பெண்ணின் பின்கழுத்தைப் பார்த்தாள். கூடம் காத்திருந்தது. அந்த ஒரு நொடியில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்ணின் இடுப்பு ஐம்பத்தேழு என்று தெரிந்தவள் அவள். அதைச் சொன்னால் பட்டியும் ஐம்பத்தேழு என்று சொன்னதாகும்.

"ஊசி வேண்டாம்போல," என்று அப்போலீனின் காதருகே மெல்லச் சொன்னாள். "கெட்டிக்காரிதான்."

பிறகு நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "நாற்பத்தெட்டு," என்றாள்.

கைதட்டினார்கள். நோட்டரிகூடத் தட்டினார். கையெழுத்தானதும் விருந்து. நதிமீன் உருண்டையும், காளான் குழம்பும், குளிர வைத்த கோழியும் வந்தன. அப்போலீன் இரண்டு தட்டு சாப்பிட்டாள். இவ்வளவு சிறிய இடுப்புக்குள் அது எங்கே போகிறது என்று பக்கத்து நாற்காலிக்காரி வியந்தாள். நான் சமையலறையில் உட்கார்ந்து ஒரு கோப்பை மதுவைக் குடித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, மதாம் கெரிமான் மறுபடி வந்தாள். அப்போலீனின் கல்யாண உடுப்புகளுக்குக் கடைசி அளவு பார்க்க வேண்டியிருந்தது. பிளாந்தினும் கூட இருந்தாள். கடையில் இன்னும் மூன்று தாய்மார்கள், மூவரும் பெண்களோடு. பெராஷோன் வீட்டு மாலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். மதாம் திஸ்ஸூர் எல்லோருக்கும் சாக்லேட் பானம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மதாம் கெரிமான் சின்னவளை என் முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கு இன்னியிலேருந்து. எலும்பு வச்சு, எஃகுப் பட்டை வச்சு, பெரியவங்களுக்குத் தைக்கற மாதிரியே. பெரியவளுக்கு நான் லேட்டா ஆரம்பிச்சுட்டேன். பத்தொன்பது வயசுல நாற்பத்தெட்டு முடிஞ்சுதுன்னா, பதினொண்ணுல ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்?"

"இவ குழந்தை மதாம். விலா எலும்பே இன்னும் கெட்டியாகல."

"அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

"நாற்பத்து நாலு," என்றாள் பிளாந்தின். யாரும் அவளைக் கேட்கவில்லை. வாயில் சாக்லேட் கறை. "அக்காவைவிட நாலு கம்மி. எனக்கு இன்னும் நல்ல வீடு கிடைக்கும்."

மூன்று தாய்மார்களும் சிரித்தார்கள். ஒருத்தி தன் பெண்ணின் முதுகில் தட்டி, பார்த்தாயா என்பதுபோலக் காட்டினாள்.

நான் அப்போலீனைப் பார்த்தேன்.

அவள் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவாள் என்று நினைத்தேன். காத்திருந்தேன். சன்னலுக்குக் கீழே ஒரு வண்டி நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பிப் போயிற்று. அவள் கையுறையின் பொத்தானை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள். அவள் மாமியாரும் அந்த மாமியாரின் மாமியாரும் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. நான் அவளுக்கு மூச்சு விட இடம் செய்து கொடுத்திருந்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அவள் இப்போதே மருமகளாகிவிட்டாள்.

"மதாம் கெரிமான்," என்றேன். "அந்தப் பட்டி நாற்பத்தெட்டு இல்ல. ஐம்பத்தேழு. நான் அளந்தேன். உங்க பொண்ணோட கார்செட்டும் ஐம்பத்தேழு. உள்ள இருக்கற நம்பர் பொய். நான் குத்தினது. இந்தக் கடையில எல்லா நம்பரும் பொய்."

மதாம் திஸ்ஸூரின் கையில் கோப்பை அசையாமல் நின்றது.

மதாம் கெரிமான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் மார்புக்குள் காற்று கிறீச்சிட்டது.

"உன் அளவு நாடா இழுபட்டுப் போயிருக்கும். பதினாறு வருஷமாச்சே."

"வேற நாடா கொண்டு வந்து அளங்க."

"நான் கண்ணால பாத்தேன். நாற்பது பேர் பாத்தாங்க. விளிம்பு சேந்துது." பெரியவள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீ சொல்லு. இவ சொல்றது நெஜமா?"

அப்போலீன் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்மா? நான் அளந்து பாக்கல."

"அந்தப் பொண்ணுக்கு ஐம்பத்தேழாம். இவளோட இடுப்பைக் கேட்டா தெரியும்," என்று ஒரு தாய் என்னைக் காட்டிச் சொன்னாள். மறுபடி சிரிப்பு. என் இடுப்பு எழுபத்தொன்று. அதைக்கூடச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மதாம் திஸ்ஸூர் கோப்பையை வைத்துவிட்டு என்னருகே வந்தாள். அவள் குரல் எப்போதும்போல இனிமையாக இருந்தது.

"ஒக்தாவிக்கு உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போகட்டும். ஓய்வெடுக்கட்டும். ரொம்ப நாளைக்கு." பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "லுசீ, நீ வந்து சின்ன மத்மஸேலுக்கு அளவெடு."

லுசீ வந்தாள். நல்ல வேலைக்காரி, கெட்டியான கை. பிளாந்தின் யாரும் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடை மூன்றாம் மாடியில். கீழே வாசற்கதவில் கை வைத்தபோது பின்னால் படிகளில் வேகமான காலடி கேட்டது. அப்போலீன். கைப்பிடியைப் பிடிக்காமல், பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கடைசிப் படி வரைக்கும் ஓடியே வந்தாள்.

"ஒக்தாவி, கல்யாணம் வியாழக்கிழமைதானே, இன்னும் மூணே நாள், அதுவரைக்கும் உங்களால வாயை மூடிட்டு இருக்க முடியலையா, அம்மா நம்பியிருந்தா என் கதி என்னாகியிருக்கும்னு ஒரு தடவையாவது நெனச்சுப் பாத்தீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். மூன்று மாடி இறங்கி வந்திருக்கிறாள். கன்னம் சிவந்திருந்தது. நெற்றியில் முத்தாக வேர்வை. ஆனால் இரைக்கவில்லை. அவ்வளவு நீண்ட வாக்கியத்தை எங்கேயும் ஒடிக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தாள்.

நன்றாகத்தான் தைத்திருக்கிறேன்.